நாலு மணி நேரம்

...நாலே மணி நேரம் என்று அவன்தானே எழுதினான், குவைத்திலிருந்து பம்பாய்க்கு ஆயிரத்து எழுநூறு மைல், உன் சித்திரபுரத்து பஸ் நம்மூர் கோவிந்தாபுரம் வந்து சேருமுன் நான் வந்துவிடுவேன் அக்கா என்று, நக்கலாக. எங்களைப் பெற்ற ஐயன் போய்விட்டார் என்று திங்கட்கிழமை காலையில் தந்தி வந்ததும் மூணாறுக்கு வந்து பஸ் ஏறி, உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் பஸ் மாறி, அன்று சாயங்காலமே நான் ஐயன் கால்மாட்டில் வந்து விழுந்தேன். இன்று புதன், மணி மூன்று. எங்கே என் தம்பி சின்னையன்? முந்தாநாள் ராத்திரியே தந்தி அடித்திருக்கிறான், புறப்படுகிறேன், வைத்திருங்கள். வைத்திருங்களாம்... எதை? பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்த ஐஸ் மூன்றாவது முறையும் உருகி, உமியை நனைத்து வாசல்வரை ஓடுகிறது, ஊதுபத்திப் புகையை மீறி வாடை அடிக்கிறது, உறவுக்காரப் பெண்கள் நான் பார்க்கவில்லை என்று நினைத்து முந்தானையால் மூக்கை மூடுகிறார்கள். தினம் இரண்டு வேளை குளித்த மனிதர் ஐயன்.

“ஏரோப்ளேனு வர இன்னும் எத்தன நேரமாகும் அம்மிணி?” என்று அப்புசாமி மாமா நாலாவது தடவையாகக் கேட்கிறார், அம்மாவின் தம்பி, அவருக்கு நான் என்ன சொல்ல? நாலு மணி நேரத்தில் வருகிறவன் இரண்டு நாளாக எங்கே இருந்தான், டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டிருந்தானோ, போன தடவையும் ஒரு சென்ட் பாட்டிலை ஐயன் கையில் திணித்துவிட்டுப் பதினைந்தாம் நாள் ஓடியவன்தானே...

“எடுத்துருங்க மாமா.”

“கொள்ளி வெக்கறவன் வரலியே.”

“பெரியப்பன் மவன் கந்தப்பன் வெக்கட்டும். எடுங்க.”

எடுத்தார்கள். வீடு கழுவினோம். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துக்கொண்டிருக்கும்போது கோயமுத்தூர் டாக்ஸி வந்து நின்றது. இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. இறங்கினான், பெட்டி இல்லை, ஒரு தோள்பை, கிரீஸ் கறை படிந்த வேலைச் சட்டை. வாசலில் கிடந்த ஈர உமியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“பாஸ்போர்ட்டு கம்பெனி அலமாரியிலக்கா,” என்றான். “மொதலாளி சொன்னாத்தான் குடுப்பாங்க. தந்தி அடிச்சுப்போட்டு அவனூட்டு வாசல்லயேதான் நின்னேன். ஒரு நாளு பூரா.”

இதை ஏன் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, மைலும் மணியும் எழுதத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையா, அந்த முதலாளி எப்படி இருப்பான், அவன் அப்பன் உயிரோடு இருக்கிறானா... யாரென்றே தெரியாத ஒருவனை எப்படித் திட்டுவது?

“எத்தன மணிக்கு எடுத்தீங்கக்கா?”

“மூணரைக்கு.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி நேரம். இன்னும் இரண்டே மணி நேரம் ஐயன் அங்கேயே படுத்திருப்பார், ஏற்கெனவே இரண்டு நாள் படுத்திருந்தவர்தானே... வாடை தாங்காமல்தான் எடுக்கச் சொன்னேனா, இல்லை, இவன் வந்து பார்க்கக்கூடாது என்றா? எடுக்கச் சொன்னது யாரென்று அவன் கேட்கவில்லை, பனைகளுக்கு அப்பால் எழும் புகையைப் பார்த்தபடி நின்றான், கேட்டுத் தொலையேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.