ஐந்தரை அடி வள்ளல்

திருப்பூரில் யார் எதைக் கொடுத்தாலும் அதற்கு வாசகம் எழுதுகிறவன் நான். பனியன் கம்பெனி முதலாளிகள் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுப்பார்கள். நான் அவர்களுக்குப் பட்டம் கொடுப்பேன். தாராபுரம் ரோட்டில் ஓர் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நான் எழுதிய பதினொரு பட்டங்களின் பாரம் தாங்காமல் தொட்டி மேற்கே சாய்ந்துவிட்டது. இன்றைக்கும் மேற்கு வீதிக்கு மட்டும்தான் தண்ணீர் வருகிறது. நம்பாதவர்கள் கிழக்கு வீதியில் விசாரிக்கலாம்.

எங்கள் லைன் வீட்டில் முதல் அறை வேலாத்தாளுடையது. கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். சர்க்கரை முற்றி, போன தை மாதம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எட்டு அறைக்கும் கக்கூஸ் ஒன்றுதான். நாலடிச் சந்தின் கடைசியில். மகள் சண்முகப்பிரியா காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் இறங்குவாள். அதுவரை தூக்கிப் போக ஆளில்லை. அதனால் வேலாத்தாள் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சித்திரை வெயிலிலும்.

"கிட்னி போயிரும்னு டாக்டர் சொல்றாரும்மா" என்று மகள் அழுதாள்.

"போனாப் போகுது கண்ணு. அதாச்சும் என்னையத் தூக்குன்னு கேக்காதில்ல."

நான் எக்ஸ்போர்ட்டர் திருமூர்த்தியிடம் போனேன். வருடந்தோறும் பன்னிரண்டு வீல் சேர் கொடுக்கிறவர்.

"அதுக்கென்னங்க, இவங்களுக்கும் ஒண்ணு குடுத்தாப் போச்சு. பேரச் சின்னதாப் போட்டாப் போதுமுங்க" என்றார்.

மெய்யாகவே கூச்சப்படுகிற மனிதர். என் கைதான் கூச்சப்படவில்லை. ஈகைச் செம்மல், கொடைக் கொண்டல், தர்மப் பிரபு, தானத் திலகம், கருணைக் கடல், வறியோர் வாழ்வு. ஆறு பட்டமும் பெயரும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமென்று, நாற்காலி முதுகில் பற்றவைத்த தகரப் பலகை ஐந்தரை அடி அகலம் வந்தது. அளவு கொடுத்தவன் நான்தான்.

கல்யாண மண்டபத்தில் விழா. பலகைக்கு முன்னால் வேலாத்தாள் ஒரு முற்றுப்புள்ளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆறு பட்டத்தையும் நான் மைக்கில் விளக்கி முடிப்பதற்குள் இலையில் போட்ட சோறு ஆறிவிட்டது.

நாற்காலியைச் சந்துக்குள் கொண்டுவந்தவர் திருமூர்த்தியின் மேனேஜர் ராஜபாண்டி, சிவகங்கைப் பக்கத்துக்காரர். "சாச்சுத் தள்ளுங்கய்யா, பைய!" என்றார். கோணலாக நுழைந்த நாற்காலி, வேலாத்தாள் வாசலைத் தாண்டி இரண்டடியில், பல்லிடுக்கில் பாக்கு மாதிரிச் சிக்கியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ராஜபாண்டி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முதல் குடத்தோடு வருகிறவர்கள் அதன்மேல் ஏறி இறங்கினார்கள். பலகையில் துணி காய்ந்தது. மூன்றாம் நாள் இருக்கையில் பூனை குட்டி போட்டது. அது ஒருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை.

கேட்பதற்கு நம் பழைய இலக்கணத்தில் மூன்று சொல் உண்டு. தாழ்ந்தவன் 'ஈ' என்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். வேலாத்தாள் மூன்றையும் சொல்லவில்லை.

"ஏனுங்கண்ணா, அதக் கொஞ்சம் நகத்தி வெக்கச் சொல்லுங்க. முன்னயாச்சும் முடியாத நேரத்துக்குத் தவந்து போயிருவேன். இப்ப அதுக்கும் வழியில்லீங்க."

ராஜபாண்டிக்குப் போன் போட்டேன்.

"பலகை இல்லாட்டி அது எங்க சேரே இல்ல பெரியவரே. அடுத்த வருசம் போட்டோ எடுக்க வரணும்ல? சரி, எழுதுனது நீங்கதானே. ஆறுல எது பொய்னு சொல்லுங்க, அத வெட்டிருவோம்."

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு வாங்கிவந்து நானே அறுத்தேன். ஒரு காலைப்பொழுது முழுக்க. 'ஈகைச் செம்மல்' கையோடு வந்தது. அடுத்த முனையில் பிளேடை வைக்கும்போது ராஜபாண்டி வந்துவிட்டார். யார் சொன்னார்களோ.

"சேதம் பண்ணிட்டீங்களேய்யா!"

நீளம் குறைந்திருந்ததால் நாற்காலி பின்பக்கமாகச் சுலபமாய் வந்தது. பூனைக்குட்டிகளை எடுத்துத் தரையில் விட்டுவிட்டு அவர் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் சத்தமில்லாமல், வெண்ணெய் மாதிரி உருண்டது. அது உருண்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

மிஞ்சியது அந்த ஓரடித் தகரம். ஓரத்தை மடக்கித் தட்டிக் கொடுத்தேன். வேலாத்தாள் அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, சந்து முழுவதும் தானே இழுத்துக்கொண்டு போனாள். போன தையிலிருந்து முதல் தடவையாக, பகலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"செம்மல் நல்லா வழுக்குறாருங்கண்ணா" என்றாள்.

நாலு நாள் குடித்தாள். ஐந்தாம் நாள் வலது தொடையில் தகரம் உரசிய இடம் புண்ணானது. சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறாது. இன்னொரு தடவை தரையில் இழுத்தால் மிச்சமிருக்கிற அந்தக் காலையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பவும் திருமூர்த்தியிடம் போனேன். "லிஸ்ட்டு முடிஞ்சுதுங்க. அடுத்த வருசம் மொதப் பேரே அவங்கதானுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கும் பலகை எழுதச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதுவதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாம்.

இப்போது அந்தத் தகரத்தின்மேல் தண்ணீர்ப் பானை இருக்கிறது. அவள் கைக்கெட்டும் தூரம்தான். வாசலில் உட்கார்ந்து நான் கதை சொல்கிறேன், தொட்டி சாய்ந்த கதை. அவள் வறண்ட உதட்டோடு சிரிக்கிறாள்.

"மணி என்னங்கண்ணா ஆச்சு?"

"மூணு."

வேன் வர எட்டாகும்.