தொப்புள் இல்லாதவர்கள்

உடம்பு முழுக்கத் துணி போர்த்தியவர்கள் கப்பலில் வந்து இறங்கிய பன்னிரண்டாவது மழைக்காலத்தில், யூனா ஆற்றங்கரையில் இருந்த மாகுவாயா ஊரில், இறந்தவர்கள் பட்டப்பகலிலேயே மரவள்ளி மேடுகளில் களை பிடுங்க ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு வருவார்கள், கொய்யாத் தோப்பில் பழம் தின்பார்கள், விடிவதற்குள் போய்விடுவார்கள். மங்கலான வெளிச்சத்தில் யாராவது எதிரே வந்தால் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அந்த ஊர் மரியாதை. இறந்தவர்களுக்குத் தொப்புள் இருக்காது. தொப்புள் இருந்தால் நலம் விசாரிப்பார்கள், இல்லாவிட்டால் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கட்டிப்பிடிக்க மட்டும் கூடாது. தொப்புள் இல்லாதவரை ஆசையாகக் கட்டிப்பிடித்தால் கையில் காற்றுதான் மிஞ்சும், அவர் அதற்குப் பிறகு வரவும் மாட்டார். காய்ச்சலும் ஆற்றுத் தங்கமும் சேர்ந்து ஊரில் பாதிப் பேரைக் கொண்டுபோன பிறகு இறந்தவர்களுக்குத் தோப்பில் இடம் போதவில்லை, இரவும் போதவில்லை. அதனால் பகலிலும் வந்தார்கள், சும்மா நிற்கப் பிடிக்காமல் களையும் பிடுங்கினார்கள்.

யாருமா என்பவள் அந்த ஊரில் அடை சுடுகிறவள். மரவள்ளியைத் துருவி, நஞ்சுச்சாற்றைப் பிழிந்து எடுத்து, அவள் சுடும் அடையை ஒரு வருஷம் வைத்திருந்தாலும் பூசணம் பிடிக்காது. அந்த மழைக்காலத்தில் அவள் துருவிய கிழங்கில் கண்ணீரும் கலந்திருக்கும், ஏனென்றால் போர்த்தியவர்களுக்காக ஆற்றில் தங்கம் அரிக்கும் முறை அவள் புருஷன் பைகுவாவுக்கு வந்திருந்தது. எட்டு மாதம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். போன வருஷம் அவன் தம்பி குவாமோ அப்படிப் போய் மூன்றாம் மாதமே செத்துப்போனான். அந்தக் குவாமோதான் அன்று மேட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அழுவாதீங்க. அண்ணனுக்குப் பதிலா நான் போறேன்."

"நீயா? அங்க போய்த்தானேடா செத்த?"

"போன தடவ செத்தேன். இந்தத் தடவ அந்தக் கவலையும் இல்ல பாருங்க."

யாருமாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷம் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். சிரித்து முடிப்பதற்குள் யோசனையும் முழுசாக வந்துவிட்டது. ஒருவன் போனால் போதாது, ஊரில் முறை வந்த முப்பது பேருக்கும் பதிலாக முப்பது இறந்தவர்கள் போகட்டும் என்று வீடு வீடாகச் சொன்னாள். இறந்தவர்களை வேலை வாங்குவது தகாது என்று பூசாரி தடுத்துப் பார்த்தார். "உங்க முறையும் அடுத்த மாசம் வருது, சாமி" என்றாள். போர்த்தியவர்களுக்கு வயிற்றைப் பார்த்து ஆளை அறியத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, வெறும் வயிறு தெரிவது பாவம் என்று சொல்லி, ஆற்றுக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு முரட்டுச் சட்டையை அவர்களே மாட்டிவிட்டார்கள். மேற்பார்வைக்கு இருந்த மெல்சோர் என்பவன் முப்பது சட்டைகளையும் முப்பது பேரையும் பார்த்துத் தலையசைத்தான். உயிருள்ள ஆண்கள் மலைப்பக்கம் ஒளிந்திருந்து, சாயங்காலமானால் வீட்டுக்கு வந்து அடை தின்றார்கள்.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. ஆற்றில் நின்றவர்கள் இருமவில்லை, விழவில்லை, ஓடிப்போகவில்லை. பசிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆளுக்கு இரண்டு கொய்யாப் பழம் தின்றுவிட்டு மறுநாள் காலையில் தண்ணீரில் இறங்கினார்கள். மெல்சோருக்குத் தலைகால் புரியவில்லை. அவன் இருபது வருஷம் கணவாய், காடு, கப்பல் என்று எங்கெல்லாமோ ஆட்களை மேய்த்தவன், இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. இந்த ஜனங்களுக்குச் சாப்பாடு தேவைப்படாது, இத்தனை நாளும் நம்மை ஏமாற்றித் தின்றிருக்கிறார்கள் என்று அவன் முடிவு கட்டினான். ஆற்றுக்கு அடை அனுப்புவதை நிறுத்தினான். மரவள்ளி மேடுகளை வீணாகக் கிடக்கும் நிலம் என்று சொல்லி அவற்றில் பன்றிகளை அவிழ்த்துவிட்டான். பன்றிகள் பத்தே நாளில் மேடுகளைத் தரைமட்டமாக்கின, பிறகு கொய்யாத் தோப்புக்குள் போய் உதிர்ந்த பழங்களைத் தின்றன. இவ்வளவு நல்ல வேலைக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தேடி மலைக்கு நாய்களை அனுப்பினான். பைகுவாவைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று அவனுக்கும் ஒரு சட்டை மாட்டினார்கள்.

யாருமா மெல்சோரின் குடிசைக்கு ஓடினாள். அவனுக்கு அந்த ஊர்ப் பேச்சு நன்றாகவே வரும். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"மொதல்ல போனவங்க எல்லாம் செத்தவங்க, ஐயா. இவரு அப்படி இல்ல. இவருக்குப் பசிக்கும்."

அவன் அதை நம்பாமல் இல்லை. நம்பினான், அதுதான் கொடுமை. ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரே சட்டதான் குடுத்திருக்கு. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே" என்றான். அவளை ஏசவோ அடிக்கவோ இல்லை, வெயிலில் நிற்காதே என்றுகூடச் சொன்னான். போர்த்தியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பதை நம்பித்தான் அவள் அத்தனையும் செய்தாள். ஊருக்குத் திரும்புகிற வழி முழுக்க, என் கையாலேயே செய்தேன், என் கையாலேயே செய்தேன் என்று வாய்விட்டு அழுதாள்.

எட்டு மாதம் கழித்துப் பைகுவா திரும்பி வந்தான். பொழுது சாய்ந்திருந்தது. சட்டை கழுத்துவரை மூடியிருந்தது. பட்டினியாகக் கிடந்து ஒளித்துவைத்திருந்த கடைசி அடையை எடுத்து நீட்டினாள். "வேணாம், வயிறு நெறஞ்சிருக்கு" என்றான். அவன் வாயில் கொய்யா வாசனை அடித்தது. ஊர் மரியாதைப்படி அவள் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவள் தொடவில்லை. எட்டு மாதமாக அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று காத்திருந்தவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே வா என்றாள். அன்றிலிருந்து இருவரும் படுக்கும் இரண்டு தூளிகளையும் எட்டத் தள்ளித்தான் கட்டினாள். ஒருநாளும் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, அவனும் கழற்றவில்லை.

பன்றிகள் தின்று போட்ட விதையெல்லாம் பழைய மரவள்ளி மேடுகளில் முளைத்து, மூன்றாம் வருஷம் ஊரைச் சுற்றிக் கொய்யாக் காடாகிவிட்டது. துருவுவதற்குக் கிழங்கு இல்லாமல் யாருமாவும் அந்தப் பழத்தையே தின்னப் பழகிக்கொண்டாள். மெல்சோர் காய்ச்சலில் செத்தான், அவனைத் தோப்புப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அவனுக்குப் பின் வந்தவர்கள் பெண்களுக்கும் சட்டை கொடுத்தார்கள். மாகுவாயாவைப் போல அமைதியான ஊர் இந்தத் தீவில் இல்லை, இங்கே ஒருவரும் சாவதே இல்லை என்று அவர்கள் தங்கள் அரசனுக்கு எழுதினார்கள். ஒருநாள் சாயங்காலம், பாதையில் எதிரே வந்த யாருமாவைப் பார்த்து, பழக்க தோஷத்தில் பைகுவாவின் கை அவள் வயிற்றுப் பக்கம் நீண்டது.

"எதுக்குய்யா?" என்றாள்.

கை பாதியில் நின்றது. "அதானே" என்று சொல்லி எடுத்துக்கொண்டான். காற்றில் பழம் நிறைய உதிர்ந்திருந்தது. இருவரும் பொறுக்கப் போனார்கள்.