குளவிகளின் சொந்தக்காரர்

சட்டத்தரணி புவனேந்திரனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். பெரிய தீர்ப்புகளை வெளியிடும் சட்ட அறிக்கைத் தொகுதியில் தன் பெயர் அச்சாக வேண்டும். பதுளையில் வேலித் தகராறும், தாபரிப்பு வழக்கும், குடித்துவிட்டு ஆட்டோ ஓட்டியவர்களின் வழக்கும் பேசிப் பேசியே தலை நரைத்துவிட்டது. அச்சில் ஏற வேண்டுமானால் மேன்முறையீடு வேண்டும். மேன்முறையீட்டுக்குத் தகுந்த ஒரு பெரிய வழக்கும் வேண்டும்.

அந்த வழக்கைக் குளவிகள் கொண்டுவந்து கொடுத்தன.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேல் நிழல் மரத்துக் குளவிக்கூடு கலைந்தது. நாற்பது பேர் வரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கூட்டுக்கு அது முதல் தடவையுமல்ல. கூட்டை எடுக்கச் சொல்லிக் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஒவ்வொரு முறையும் கேட்டும் நிர்வாகம் அசையவில்லை. ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகி’ என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த புவனேந்திரன், பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்த்தார். முதல் வழக்காளி இராக்கம்மா. கொட்டு வாங்கியதில் அவளுடைய இடக்கண் மங்கிப்போயிருந்தது.

கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து மூத்த சட்டத்தரணி தாஸிம் வந்தார். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். இப்போது கொழும்பில் பெரிய பெயர். அவர் தாக்கல் செய்த பதில் அழகாக இருந்தது. குளவி காட்டு ஜீவன். அதைக் கம்பனி வேலைக்குச் சேர்க்கவில்லை. மரம் தோட்டத்து எல்லையில் நிற்கிறதா, காட்டு எல்லையில் நிற்கிறதா என்பதே தெளிவில்லை. தவிரவும், கம்பனி தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கு முன்பே குளவிகள் அங்கே குடியிருந்தன. ஆகவே தொழிலாளர்கள்தான் குளவிகளின் இடத்துக்குள் போனார்கள்.

தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத குடியிருப்பு உரிமை, குளவிகளுக்கு ஒரே பத்தியில் கிடைத்துவிட்டது.

கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. புவனேந்திரன் முகம் மலர வெளியே வந்ததைப் பார்த்து இராக்கம்மாவும் சிரித்தாள்.

“கெலிச்சிட்டோமுங்களா ஐயா?”

“தோத்துட்டோம்மா. கீழ தோத்தாத்தானே மேல போகலாம்.”

அவள் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலே போனார்கள். கூட்டிலிருந்து புறப்பட்ட குளவி யாருக்குச் சொந்தம் என்று புவனேந்திரன் எழுதிய சமர்ப்பணம் செங்கல் கனம் இருந்தது. ரோமானியர்களின் தேனீ, ஒல்லாந்தர்களின் புறா, ஆங்கிலேயர்களின் முயல் எல்லாம் அதில் இருந்தன. இராக்கம்மா ஒரே ஓர் இடத்தில், அடிக்குறிப்பில் இருந்தாள். தாஸிம் அதைப் படித்துவிட்டு, “அருமையான எழுத்து புவனேந்திரன். பதில் எழுதவே ரெண்டு தவணை கேட்கணும்” என்று கைகுலுக்கினார். இரண்டு பேரும் பல தவணைகள் சந்தோஷமாக வாதாடினார்கள். இதற்கிடையில் மலையில் இன்னும் சிலரைக் குளவி கொட்டியது. அவர்களையும் புவனேந்திரன் பின்னிணைப்பில் சேர்த்தார்.

கடைசியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், குளவியை விட்டுவிட்டு முதலில் மரத்தைப் பாருங்கள் என்று வழக்கைக் கீழே திருப்பியது.

மரத்தைப் பார்க்க எல்லோரும் போனார்கள். நீதிபதி ஜீப்பிலிருந்து இறங்காமலே பார்வையிட்டார். அடிமரம் தோட்டத்துப் பக்கம் நின்றது. கூடு தொங்கிய கிளை காட்டுப் பக்கம் நீண்டிருந்தது.

“பார்த்தீங்களா, கூடு எங்க எல்லைக்கு வெளியே” என்றார் தாஸிம்.

“கிளைக்கு நேர் கீழே எல்லைக்கல் எங்க இருக்குன்னு பாருங்க” என்று புவனேந்திரன் முன்னால் போனார். அவருக்குச் சட்டத்தின் ஆவேசம் வந்துவிட்டது. கூட்டுக்கும் கல்லுக்கும் நடுவே நேர்கோடு காட்டுவதற்காகக் குடையைத் தலைக்கு மேல் நீட்டினார். குடை நுனி நேர்கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் போய்விட்டது.

இரண்டு கறுப்புக் கோட்டுகள் தேயிலைச் சரிவில் உருண்டன. குளவிகள் வழக்காளி தரப்பு, எதிராளி தரப்பு என்று பார்க்கவில்லை. ஜீப் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். உதடு வீங்கிய தாஸிம் தொலைபேசியில் கம்பனிக்காரர்களோடு பேசியது புவனேந்திரனுக்கு நன்றாகக் கேட்டது. “எல்லையாவது மண்ணாவது. கூட்ட எடுங்க. அந்தப் பொம்புளைகளுக்குக் கொடுக்கவேண்டியதக் கொடுத்து வழக்க முடிங்க.”

மறுநாள் மாலைக்குள் அந்த மலையில் ஒரு கூடும் மிச்சமில்லை. சாக்கும் புகையும் போதுமானதாக இருந்தன; ரோமானியர்கள் தேவைப்படவில்லை.

இணக்கப் பத்திரம் வந்ததும், கண் இன்னும் முழுதாகத் திறக்காத நிலையில் புவனேந்திரன் வழக்காளிகளைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். “கையெழுத்துப் போட வேண்டாம். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகலாம். இராக்கம்மா, உன் பேரு சட்டப் புத்தகத்துல வரும்.”

“எம் பேரு எங்கிட்டயே இருக்கட்டுமுங்க ஐயா” என்றாள் இராக்கம்மா. “கண்ணாடி வாங்கணும். எங்க போடணுமுன்னு காட்டுங்க.”

காட்டினார். ஒவ்வொரு கையெழுத்து விழும்போதும் அவருக்கு ஒரு பக்கம் கிழிவது போலிருந்தது.

அவர்கள் நன்றி மறக்கவில்லை. ஹல்துமுல்லைச் சந்தியில் பெரிய பதாகை கட்டினார்கள். வீங்காத காலத்து முகத்தோடு புவனேந்திரன் சிரித்தார். கீழே ‘குளவிகளை விரட்டியடித்த சட்டத்தரணி’ என்றிருந்தது. அன்றிலிருந்து அலைபேசி ஓயவில்லை. ஹாலிஎலவிலிருந்து ஒருவர், “சேர், கூரையில கூடு கட்டியிருக்கு, எப்ப வர்றீங்க, ஏணி நாங்க தரலாம்” என்றார். புவனேந்திரன் இணைப்பைத் துண்டித்தார். அப்படிப் பலரைத் துண்டித்தார்.

கொஸ்லந்தையிலிருந்து பேசிய பெண்ணை மட்டும் துண்டிக்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் வேலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயலெட்சுமி அவள்.

“தொட்டில் கட்டுற உத்தரத்துலயே கூடுங்க ஐயா. தொரைகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு. புள்ளைங்கள வெளியில வச்சுக்கிட்டு இருக்கேன். மழை வருது.”

அவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எழுதினார். நாலே வரி. அவ்வளவு சுருக்கமாக அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. கீழே கையெழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

இரண்டு நாளில் விஜயலெட்சுமி மறுபடி கூப்பிட்டாள். “கூட்ட எடுத்துட்டாங்க ஐயா. தொரையே வந்து நின்னு எடுத்தாரு. புள்ளைங்க உள்ள தூங்குதுங்க.”

“ரொம்பச் சந்தோஷம்மா” என்றார் புவனேந்திரன். சந்தோஷம் உண்மைதான். ஆனாலும் அந்தத் துரை, ஒரு வாரமாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது.