கல் சொன்னதும் ஏட்டில் ஏறியதும்

எதிரிகளின் நிழல்படை ஆற்றைக் கடந்து வந்த அன்று, கொடியைக் கைவிடாமல் நின்று உயிர்விட்டவரின் ஏழாம் தலைமுறை அவர். ஊரார் அவரைக் கொடிவீட்டுக்காரர் என்பார்கள். அறுபத்தெட்டு வயதிலும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நாற்காலிக்கே மரியாதை கொடுக்கிற மனுஷன்" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

ஊருக்கு வடக்கே, கம்பி வேலிக்குள் அந்தப் போர்க்களம் இருந்தது. அங்கே விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கல்லாகிப்போனார்கள். அவர்கள் ரத்தத்தில் வந்தவர் உச்சிவேளையில் வெறுங்காலோடு கல்மேல் ஏறி நின்றால், செத்தவர் கடைசியாகச் சொன்னது காதில் விழும். வாழ்நாளில் ஒருமுறைதான். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. கேட்டவர் நேராக ஏட்டறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஏட்டுக்காரர் எழுதிக்கொள்வார், கேட்டவர் கையெழுத்துப் போடுவார். வாரிசு முப்பது வயதுக்குள் கேட்காவிட்டால் கல்லிலிருந்து வீட்டுப்பெயரைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள்.

கொடிவீட்டுப் பக்கத்தில் ஆறு கையெழுத்துகள். ஆறுக்கும் மேலே ஒரே வரி: 'கொடி சாயாது, முன்னே போங்கள்.'

கல் இல்லாத வீடு ஒன்றும் ஊரில் உண்டு. ஆழமில்லாத துறையை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தான் என்று ஓர் ஓடக்காரனைப் போருக்கு மறுநாள் ஊரே சேர்ந்து கரையில் தூக்கிலிட்டது. அவன் களத்தில் சாகவில்லை. அதனால் அவனுக்காகப் பேச ஒரு கல்லும் இல்லை. இன்றும் ஓடம் ஓட்டிப் பிழைக்கும் அவன் வம்சத்துக்குத் துறைகாட்டி வீடு என்றுதான் பெயர்.

அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். பள்ளியில் கணக்கு வாத்தியார், பொய் பேசத் தெரியாதவன். அடுத்த வாரம் முப்பது முடிகிறது.

"அந்த வீட்டுக் கால் இந்த வாசல்ல படாது."

"எப்பவோ நடந்ததுக்கு அவ என்னப்பா பண்ணுவா?"

"முதல்ல கல்லுமேல ஏறி நில்லு. நம்ம ஆளு சொன்னதைக் காதால கேளு. அதுக்கப்புறமும் அவதான் வேணும்னா நான் குறுக்கே நிக்கல."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நானும் கேட்டுக்கிட்டேன். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

நாலு வருடமாக மழை, கால்வலி, நாள் சரியில்லை என்று ஏதேதோ சாக்குச் சொல்லி, மகன் கல் ஏறுவதைத் தள்ளிப்போட்டவர் அவர்தான். காரணம் யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வயதில் அவர் கல்மேல் நின்றபோது காதில் விழுந்தது வேறு. 'என்னை விட்டுடுங்க. ஆழமில்லாத துறையைக் காட்டினதே நான்தானே.'

மனம் சுத்தமில்லாதவன் காதில் கல் மாற்றிச் சொல்லும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை நம்பினார். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சரியாகச் சொன்ன கல், தன்னிடம்தான் ஏதோ அழுக்கைக் கண்டு இப்படிச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஏட்டறையில் பழைய வரியையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த அழுக்கைக் கழுவத்தான் வாழ்நாள் முழுக்க விறைப்பாக வாழ்ந்தார். துறைகாட்டி வீட்டின் ஓடத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மகன் நல்லவன், அவனுக்குக் கல் சரியாகச் சொல்லும் என்பதே அவருடைய ஒரே நம்பிக்கை.

அப்பாவும் மகனும் களத்துக்குப் போன அன்று அந்தப் பெண்ணும் வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏம்மா, வேலியைத் தொடாதே. அப்புறம் அதுவும் யாருக்காவது வழி காட்டிடும்" என்றான் காவல்காரன்.

"காட்டட்டும் அண்ணே. உங்களுக்குத்தான் சாயங்காலமானா வீட்டுக்குப் போற வழி மறந்துடுதுன்னு அண்ணி புலம்புறாங்க."

கொடிவீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

மகன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேல் ஏறினான். வெயிலில் கல் கொதித்தது. முதலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். சட்டென்று அசையாமல் நின்றான். பிறகு மெல்லத் திரும்பி ஆற்றைப் பார்த்தான், தூக்கிலிட்ட கரை இருக்கும் பக்கம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதே வார்த்தைதான்.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. பொய்யே பேசாத இந்தப் பையனுக்கும் அதைத்தான் சொல்கிறது என்றால், அழுக்கு அவரிடம் இல்லை. அப்படியானால் அப்பாவுக்கும் அதுதான் கேட்டிருக்கிறது. தாத்தாவுக்கும். அன்று தான் கல்லைவிட்டு இறங்கியபோது, என்ன கேட்டது என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'வா, ஏட்டுக்காரர் காத்திருக்கார்' என்று மட்டும் சொன்னார். நாற்பத்திரண்டு வருடம் தன்னையே அரித்துத் தின்றது வீண்.

மகன் இறங்கி வந்து அவர் எதிரே நின்றான். இப்போது அவர் சொல்லலாம். எனக்கும் அதுதான்டா கேட்டது, போய் உள்ளதைச் சொல் என்று சொல்லலாம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் தன்னைக் கண்டதும் எழுந்து நிற்கும் ஆட்கள் ஒவ்வொருவராக அவர் கண்ணில் வந்து போனார்கள்.

"வா, ஏட்டுக்காரர் காத்திருக்கார்" என்றார்.

ஏட்டறையில் மையின் வாடை. ஏட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வாங்க வாங்க. எப்பவும் உள்ளதுதானே தம்பி? நேரத்தை ஏன் வீணாக்கணும்னு பாதி எழுதியே வெச்சுட்டேன்."

மகன் அந்த ஆறு கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றான். "எப்பவும் உள்ளதுதான்."

வெளியே அவள் ஓடி வந்தாள். "என்ன சொல்லுச்சு?"

"கொடி சாயாதுன்னு."

"அதான் தெரிஞ்ச கதையாச்சே! இனிமே உங்கப்பா குறுக்கே நிக்க மாட்டார்ல?"

"நீ துறைக்குப் போ."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. தினமும் உன் முகத்துல முழிக்க என்னால முடியாது."

"ஓகோ. கல்லு பேசினதும் நான் துறைகாட்டி ஆயிட்டேனா?" அவரிடம் திரும்பினாள். "சந்தோஷமா ஐயா? வளர்ப்புன்னா இதுதான் வளர்ப்பு."

அவள் போய்விட்டாள். தூக்கில் தொங்கிய தன் முப்பாட்டனுக்காகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் மெதுவாக, "தம்பி..." என்றார்.

"வேண்டாம்பா."

தையல்கடைக்காரர் வழக்கம்போல எழுந்து நின்றார். "என்ன தம்பி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே. 'கொடி சாயாது, முன்னே போங்கள்.'"

கணீரென்று சொன்னான். அந்த வரியை நாக்குக் குழறாமல் சொல்ல அப்பாவுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மகனுக்கு ஒரு தெரு போதுமானதாக இருந்தது.