தீவின் கடிகாரம்

அந்தக் கணினியின் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. அக்காவுக்கு இடித்தது அதுதான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நொடிகூடப் பிசகவில்லை. பிசகியிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு கணினிக்குள்ளும் அரிசிமணி அளவில் ஒரு படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் கணினி நொடிகளைக் கணக்குப் போடுகிறது. எந்தப் படிகமும் அச்சுப் பிசகாமல் அதிர்வதில்லை. அறை சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி. அதனால் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி முந்தும், அல்லது பிந்தும். நம் மேஜைக் கணினிகளில் இது நமக்குத் தெரிவதே இல்லை. அவை நெட்வொர்க் வழியாக வெளியே எங்கோ இருக்கும் நல்ல கடிகாரம் ஒன்றை அவ்வப்போது மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. யாரையும் மணி கேட்க முடியாத கணினி மாதாமாதம் அரை நிமிடமாவது பிசகும்.

அக்காவின் முன்னால் இருந்தது அப்படி யாரையும் எதையும் கேட்க முடியாத கணினி. கம்பெனியில் அதற்குப் பெயர் தீவு.

கம்பெனி செய்வது ராணுவ வண்டிகளில் பொருத்தும் ஒரு பெட்டி. வயர்லெஸ் பேச்சை எதிரிக்குப் புரியாதபடி பூட்டி அனுப்பும், மறுமுனையில் திறந்து கொடுக்கும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கண்டவன் கை வைத்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு புது மென்பொருளுக்கும் ஒரு ரகசிய முத்திரை உண்டு. முத்திரை சரியாக இருந்தால்தான் பெட்டி அதை உள்ளே விடும். அந்த முத்திரை இருப்பது தீவில் மட்டும். அது திருடுபோனால், திருடியவன் எல்லா வண்டிகளின் காதிலும் தன் ஆளை உட்கார வைத்துவிடலாம். ஆகவே தீவுக்கு எந்தக் கம்பியும் போகாது. மென்பொருளைச் சிடியில் எழுதிக் கையால் எடுத்துப்போய், முத்திரை குத்தி, கையால் வெளியே கொண்டுவருவார்கள்.

டயர்க்கடை மாடியில் ஆறு பேராக ஆரம்பித்த காலத்தில், தீவின் நெட்வொர்க் துளைக்குள் பசையை ஊற்றி அடைத்தவன் அக்காவின் தம்பி. பசையோடு தன் கட்டைவிரலையும் ஒட்டிக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்று சிரித்தார்கள். எப்போதும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதால் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். மாதாமாதம் தீவின் கடிகாரத்தைத் திருத்துவதும் அவன் வேலைதான்.

பிறகு பெரிய ஆர்டர் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. டயர்க்கடை மாடி போய், நான்கு அடுக்குக் கண்ணாடிக் கட்டடம் வந்தது. லிஃப்டில் பார்க்கும் முகங்களில் பாதி அக்காவுக்குத் தெரியாதவை. ஸ்பேனர் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அவளை அக்கா என்றார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. தீவுக்கு மூன்றாம் மாடியில் தனி அறை. அதன் கதவு இரண்டு கார்டுகளுக்குத்தான் திறக்கும். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று ஸ்பேனருடையது.

"தீவு கடிகாரத்தை நீ திருத்தினியாடா?"

"இல்லியே. ரெண்டு மாசமா தொடவே இல்ல. புது ஆர்டர்ல எனக்கு மூச்சு விட நேரமில்ல. ஏன், ரொம்பப் பின்னாடி போயிடுச்சா?"

"சும்மா கேட்டேன்."

அதற்குள் அவனுடைய போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்தான், சட்டென்று கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். "ஒரு நிமிஷம்க்கா" என்று படிக்கட்டுப் பக்கம் போனான். கதவு மூடும்வரை அவன் பேச ஆரம்பிக்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரியிடம் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, கம்பெனி வளர்ந்த பிறகு வந்தவர் அவர். எல்லோருக்கும் மேஜர். அக்காவை மேடம் என்று அழைத்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

"கடிகாரம் தானா சரியாகாது, மேடம்," என்றார். "யாரோ அதுல ஒரு போனைச் செருகறான். செருகின உடனே மெஷின் வெளி உலகத்தைப் பாத்து மணியைத் திருத்திக்குது. அவன் விட்டுட்டுப் போன கால் தடம் அது."

அவள் மறுக்கவில்லை. அந்த விளக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

"கதவு ரெண்டு கார்டுக்குத்தான் திறக்கும். ஒண்ணு உங்க கையில." அவர் இரண்டாவதைச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை ராணுவத்திலேருந்து சோதனைக் குழு வருது. அதுக்குள்ள நாம காரணத்தைச் சொல்லணும். இல்லேன்னா ஒரு பேரைச் சொல்லணும்."

"அவன் என் தம்பி, சார்."

"அதனாலதான் நானே எழுதாம உங்ககிட்ட சொல்றேன்."

அப்படிப் பெயரைக் கொடுத்தால் அது வேலை போவதோடு நிற்காது. அந்தத் தொழிலில் அவனை மறுபடி யாரும் வாசல்படி ஏற்ற மாட்டார்கள். விசாரணை, கோர்ட் என்று எங்கே போய் முடியுமோ.

ஸ்பேனரின் குடும்பம் அக்கா வீட்டுக்கு மாடியில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவன் மனைவி துணி எடுக்க வந்தவள், கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"அண்ணி, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஏன் கேக்கறே?"

"இவர் இப்பல்லாம் மொட்டை மாடிக்குப் போய்த்தான் போன் பேசறார். யாருன்னு கேட்டா காத்து வாங்கப் போனேங்கறார். காத்தோட இவ்வளவு நேரம் பேசறவரை நான் பாத்ததே இல்ல."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மடியில் கனம் இல்லாதவனுக்கு மொட்டை மாடி எதற்கு?

மறுநாள் மாலை எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவள் தீவுக்குள் போய்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னால் தள்ளிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. படிகம் எவ்வளவு மோசமாக அதிர்ந்தாலும் ஒரே ராத்திரியில் ஏழு நிமிடத்தைப் பிடிக்க முடியாது. காலையில் மணி சரியாக இருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் சரியாக இருந்தது.

மேஜர் கதவின் பதிவைத் திறந்து காட்டினார். அக்கா வெளியே வந்ததற்கும் திரும்ப உள்ளே போனதற்கும் நடுவில் ஒரே ஒருவன் நுழைந்திருந்தான். ஸ்பேனர். காலையில், தனியாக.

"அவன் தினமும் காலையில சிடி எடுக்கப் போறவன்தான்," என்றாள் அக்கா.

"வேலியும் தினமும் பயிர் பக்கத்துலதான் நிக்குது, மேடம்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, தன் சோதனைமேல். அந்தச் சோதனையில் ஒரு குறை இருந்தது. ஸ்பேனர் உள்ளே போனான், கடிகாரம் சரியாகியிருந்தது. ஆனால் அவன் போவதற்கு முன்னாலேயே அது சரியாகிவிட்டதா? அதை யாரும் பார்க்கவில்லை. பாலில் ஈ மிதந்தால், பக்கத்தில் நின்ற பூனையைப் பிடித்து அடிக்கிற கதைதான்.

அடுத்த நாள் ஸ்பேனரைப் பெட்டி பொருத்தும் பட்டறைக்கு அனுப்பினாள். ஊருக்கு வெளியே இருந்தது அது. "நானா? அங்க வேற ஆளு இருக்காங்களேக்கா," என்றான். "நீயே போ," என்றாள். போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தீவின் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னே தள்ளி, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை.

அரை மணி நேரத்துக்குள், அவள் கண் எதிரிலேயே, எண்கள் ஒரு தாவுத் தாவி ஏழு நிமிடம் முன்னால் போய் நின்றன.

முதலில் வந்தது நிம்மதி. அதை நனைத்துக்கொண்டு உடனே பயமும் வந்தது. தம்பியின் கை இல்லை. அப்படியென்றால் தீவு இந்த நொடியில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறது.

குனிந்து பார்த்தாள். பசை அடைத்த துளை அப்படியே இருந்தது. ஸ்பேனரின் கட்டைவிரல் ரேகைகூட அதில் உறைந்து கிடந்தது. வைஃபை அட்டையை ஆரம்பத்திலேயே கழற்றி எறிந்தாகிவிட்டது. மீதி இருப்பவை நாலு: கீபோர்டு, மவுஸ், மானிட்டர், மின்சாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று தீர்மானித்தாள். கடிகாரத்தைத் தள்ளிவைத்து, கீபோர்டைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தாள். தாவியது. மறுபடி தள்ளிவைத்து, மவுஸைப் பிடுங்கினாள். தாவியது.

மானிட்டரைப் பிடுங்கினால் கடிகாரமே தெரியாது. பார்க்கக் கண் வேண்டும், சந்தேகமோ இப்போது கண்ணின்மேலேயே. கொஞ்சம் யோசித்தாள். கடிகாரத்தை மறுபடி தள்ளிவைத்து, மானிட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கறுத்துப்போன திரைக்கு முன்னால் முன்பைவிட இரட்டிப்பு நேரம் காத்திருந்தாள். பிறகு கேபிளைத் திரும்பச் செருகினாள். படம் வந்தது. கடிகாரம் இன்னும் ஏழு நிமிடம் பின்னால்தான் இருந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் தாவியது.

மானிட்டரைத் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்பக்கத்தில் இரண்டாவது கேபிள் ஒன்று தாங்குகாலோடு ஒட்டி இறங்கி, தரையில் இருந்த சின்ன மூடிக்குள் போயிருந்தது.

புது ரக மானிட்டர்கள் அப்படி. மேஜைமேல் கேபிள் குப்பை சேராமல் இருக்க, கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவில் ஒரே கேபிள். படமும் அதிலேயே, நெட்வொர்க்கும் அதிலேயே. கட்டடத்தின் நெட்வொர்க் வயரை மானிட்டரின் முதுகில் செருகிவிட்டால் போதும், கணினி இணைந்துவிடும். கணினியின் சொந்தத் துளையில் பசை இருந்தால் என்ன, பாறை இருந்தால் என்ன? முன்வாசலை அடைத்து வைத்திருந்த வீட்டுக்குக் கொல்லையில் புதிதாக ஒரு வாசல் முளைத்திருந்தது. கணினியோ பிறந்ததிலிருந்தே யாராவது மணி சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பியே இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியை நிறுத்திவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, மேஜரின் மேஜைமேல் வைத்தாள். "பேரு கேட்டீங்களே, சார். இதுதான்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "சரி. ஆனா கேபிள் தானா நடந்து போய் நுழையாது, மேடம்."

பர்ச்சேஸ் மேனேஜரைக் கேட்டார்கள். "தீவு மானிட்டர் போன மாசம் புகைஞ்சு போச்சுன்னாங்க. எல்லா மேஜைக்கும் ஒரே மாடல்தானே, அதையே அனுப்பினேன். அது ஸ்பெஷல்னு யாரும் சொல்லலியே." மாட்டியவன் வெளி ஆள். அவன் பங்குக்கு, "எல்லா மேஜையிலயும் ரெண்டு கேபிள் செருகுவேன் சார். அங்கயும் ரெண்டு செருகினேன்," என்றான். அவன் உள்ளே இருந்தபோது கூட நின்றிருக்க வேண்டியவன் ஸ்பேனர்.

மாலையில் அவன் பட்டறையிலிருந்து வந்ததும் அக்கா தீவு அறைக்கு அழைத்துப்போய்க் கேபிளைக் காட்டினாள். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"நான் வெளிய போயிட்டேன்க்கா. உள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாதே. வெளிய வச்சிருந்தேன், அடிச்சுது. அவன் ஸ்க்ரூ முடுக்கிட்டிருந்தான். ரெண்டு நிமிஷம்னுதான் போனேன்."

"யாரு போன்ல? மொட்டை மாடியில பேசற அதே காத்தா?"

அவன் தரையைப் பார்த்தான். "வேற கம்பெனி. அஞ்சு பேர்தான். தண்ணிக் குழாய்ல கசிவு கண்டுபிடிக்கிற கருவி பண்றாங்க. இன்டர்வியூ."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் மீட்டிங்ல இருந்தே. இங்க நான் ஸ்க்ரூடிரைவர் எடுக்கணும்னாக்கூட ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்." அப்புறம் நிமிர்ந்தான். "இன்னிக்கு என்னை எதுக்குப் பட்டறைக்கு அனுப்பினே?"

அவள் பொய் சொல்லவில்லை. "நீ இல்லாதப்ப கடிகாரம் தாவுதான்னு பாக்க."

"தாவலேன்னா?"

"தாவிச்சு."

"தாவலேன்னா, அக்கா?"

அவன் கணினிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உறைந்த பசைமேல் கட்டைவிரலை வைத்தான். அளவு இன்னும் சரியாகவே இருந்தது.

"அங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்," என்றான். "இதைச் சரி பண்ணிட்டுப் போறேன்."

கட்டடத்தின் நெட்வொர்க் பதிவுகளை அக்கா, ஸ்பேனர், மேஜர் மூன்று பேரும் அலசினார்கள். தீவு மணி கேட்டது தவிர வேறெதுவும் அதில் இல்லை. ஆனாலும் கதவு திறந்து கிடந்த வீட்டில் திருடன் வரவில்லை என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? வியாழக்கிழமை வந்த குழுவிடம் அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பழைய முத்திரையைக் கைவிட்டு, எல்லாப் பெட்டிகளுக்கும் புது முத்திரை போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டாள். குழுவின் தலைவர் "யார் செய்தது?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் மேஜர் சொன்னார்: "ஆறு பேருக்குத் தெரிஞ்சிருந்த விஷயத்தை இருநூறு பேருக்கு நாங்க சொல்லல, சார்."

தீவின் கணினி மணி கேட்கும் பழக்கத்தை நிறுத்திவிடலாம் என்றார் மேஜர். ஸ்பேனர்தான் தடுத்தான். "நிறுத்தாதீங்க சார். எங்கயாவது ஒரு கம்பி பட்டா முதல்ல கத்தப்போறது அதுதான்." அப்படியே முடிவாயிற்று. தரையிலிருந்த இணைப்பைப் பிடுங்கிச் சிமெண்ட் பூசினார்கள். நெட்வொர்க் துளை இல்லாத பழைய மானிட்டரை மாட்டினார்கள். அறைக்குள் இருவர் சேர்ந்துதான் போக வேண்டும், வெளி ஆள் இருக்கும்போது இருவரில் ஒருவரும் நகரக் கூடாது. கடைசி விதியை ஸ்பேனர் தன் கையால் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான்: முதல் தேதி கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னால் தள்ளி வை, தினமும் காலையில் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார், தப்பாக இருந்தால் வேலையை ஆரம்பி, சரியாக இருந்தால் எதையும் தொடாமல் வெளியே வந்து கதவைப் பூட்டு.