மேல்துறைத் தண்ணீர்

மூன்று பகலும் இரண்டு இரவும் வயிற்றுப்போக்கில் கிடந்த அய்யாவு கங்காணி, அன்று மாலை பாயில் எழுந்து உட்கார்ந்தார். மனைவி வெள்ளையம்மா செம்பை நீட்டினாள். இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்.

“பாத்தியா? ஓடுற தண்ணிக்குத் தீட்டும் இல்ல, நோயும் இல்ல. அந்த ஆஸ்பத்திரி டிரெசர் பேச்சக் கேட்டுச் சுட வச்சிருந்தா, செத்த தண்ணியத்தான் குடிச்சிருக்கணும்.”

அவள் போர்வையை மடித்து வைத்தாள்.

மலாயாவில், குளுவாங்கை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஆற்றுக்கு இரண்டு துறைகள். மேல்துறை, கங்காணியின் சாதியார் இருந்த வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு. கீழ்த்துறை, அவர்கள் தீட்டென்று ஒதுக்கியவர்கள் இருந்த கீழ் லயத்துக்கு; பால்வெட்டும் காளியம்மாவின் வீடு அங்கேதான். மேலே குளித்துத் துவைத்த தண்ணீர்தான் கீழே வரும். கலங்கிய அதை அவர்கள் கொதிக்க வைத்தே குடித்தார்கள். மேல்துறைத் தண்ணீர் தெளிவாக இருந்தது. அங்கே யாரும் கொதிக்க வைப்பதில்லை.

போன மாதம் ஆற்று வளைவுக்கு மேலே புதிய ஆட்களைக் குடியேற்றியவர் கங்காணிதான். கக்கூஸ் கட்டித் தரவில்லை. அவர்களுக்கு ஆற்றங்கரைதான். மழை பெய்தது. பிறகு தண்ணீர் மறுபடி தெளிந்தது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. மேல் லயத்தில் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். இருவர் இறந்தார்கள். கீழ் லயத்தில் ஒருவரும் படுக்கவில்லை.

அதுவே குற்றமாயிற்று.

கங்காணியின் தம்பி அர்ச்சுனன் வாசலில் நின்றான். அண்ணன் படுத்த நாளிலிருந்து அவன் உள்ளே வரவில்லை.

“அண்ணே, விடியக்காலையில உங்க வீட்டுப் பின்னால காளியம்மா நின்னத பக்கத்து வீட்டுச் செல்லப்பன் பாத்திருக்கான். செய்வினையோ என்னவோ வச்சிட்டுப் போயிருக்கா. அவங்க லயத்துல ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆகல, கவனிச்சீங்களா?”

“அவளுக்கு இனி இங்க வேல இல்ல,” என்றார் கங்காணி. “நாளைக்குக் காலையில ஆள் எண்ணுற பெரட்டுல அவ பேரக் கூப்பிடக் கூடாது. கணக்கு எழுதுற கிராணிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.”

“புருஷன் இல்லாதவ. ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு எங்கங்க போவா?” என்றாள் வெள்ளையம்மா.

“எங்கயோ போகட்டும்.”

அப்போது டிரெசர் சரவணமுத்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அர்ச்சுனனைக் கடக்கும்போது, “உள்ள வாரும், வீடு கடிக்காது,” என்றார். கங்காணியின் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார்.

“தப்பியிட்டீர், கங்காணி. மற்ற வீடுகளில ஒருத்தரும் இன்னும் எழும்பேல்ல. என்ன தண்ணி குடுத்தனீங்கள், அம்மா?”

“எங்க மேல்துறைத் தண்ணிதான்,” என்றார் கங்காணி. “வேற என்ன?”

“அப்பிடியெண்டா நீர் இப்ப இருந்து கதைக்க மாட்டீர்.”

வெள்ளையம்மா வாசலைப் பார்த்தாள்.

“அர்ச்சுனா, உங்கண்ணன் படுத்த அன்னைக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாரச் சொல்லி உன் பொண்டாட்டிகிட்ட ஆள் அனுப்பினேன். வந்தாளா?”

“அண்ணி, அவ பயந்தவ...”

“ஒருத்தரும் வரல. இவர விட்டுட்டு நான் துறைக்குப் போக முடியல.”

கங்காணியின் கையில் செம்பு அப்படியே இருந்தது. பாதி காலியாகியிருந்தது.

“காளியம்மாவ வெரட்டாதீங்க,” என்றாள்.

“அவ என்னடி வச்சிட்டுப் போனா?”

“குடம். மூணு நாளா நீங்க குடிக்கிறது அவ அடுப்புல கொதிச்ச தண்ணி.”