பதினான்காம் கேள்வி

சின்னவள் படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது பெரியவள் ஒரு அகராதியின் பிரிந்துபோன முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். கை ஒட்டும் என்பதால் தொடவில்லை. தலையைச் சாய்த்து முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். உலக வாசிப்பு நகரம். வருடத்துக்கு ஒரு ஊருக்குத் தரப்படும் பட்டம், இந்த முறை பதினொரு நகரங்கள் போட்டியில். அம்மா அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் பெரியவள், சின்னவள் என்ற வீட்டுப் பெயர்கள் மட்டும் அக்காவையும் தங்கையையும் விட்டுப் போகவில்லை. பெரியவள் சந்தைக்குப் பின்னாலிருந்த கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நூலகர். சின்னவள் மாநகராட்சியின் கலாசாரப் பிரிவில் துணை அதிகாரி.

"நீதான் எழுதணும்க்கா. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அறிக்கை எழுதத்தான் தெரியும். உனக்குத்தான் மனுஷங்களைப் பத்தி எழுத வரும்."

"இதுக்கெல்லாம் தனியா ஆள் வெச்சு எழுதுவாங்கன்னு சொல்லுவாங்களே."

"மத்த ஊர்க்காரங்க வெச்சிருக்காங்க. எனக்கு நீ இருக்கே."

அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் சரியென்றோம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சின்னவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கழிந்தன. மொத்தம் முப்பது கேள்விகள். எத்தனை புத்தகக் கடை, எத்தனை அச்சகம், பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு எத்தனை புத்தகம் படிக்கிறார்கள். போட்டியிலிருந்த ஒரு ஊரில் ஆற்றங்கரையில் ஆறு மாடிக் கண்ணாடி நூலகம் இருந்தது. இன்னொரு ஊரில் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் புத்தக அலமாரி. சின்னவள் அந்தப் படங்களையெல்லாம் காட்டிப் பெருமூச்சு விட்டபோது பெரியவள், தன் கிளையில் தினமும் யார் யார் வருகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தாள். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் வந்து சரித்திரப் புத்தகத்தின்மேல் கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போகும் பஸ் டிரைவர். நாற்பத்து மூன்று வயதில் இதே அறையில் பெரியவளிடம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட சலவைக்கூடத் தொழிலாளி. அவள் வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு காற்புள்ளியிலும் பஸ் நிறுத்தம் மாதிரி நின்று, யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதனால் எல்லோருக்கும் அவள் கமா. அவளைப் பற்றி எழுதலாமா என்று பெரியவள் கேட்டபோது கமா கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க டீச்சர். துணி வெளுக்கறேன்னும் போடுங்க. அதுல மறைக்க என்ன இருக்கு."

பதினான்காம் கேள்விதான் பெரியவளைப் படுத்தி எடுத்தது. பட்ட ஆண்டு முடிந்த பிறகு உங்கள் நகரத்தில் எது மிஞ்சும்? இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் எழுதினாள்: இருபது பேர் உட்காரும் அறையில் நாற்பது பேர் உட்காருகிறோம். அந்த ஆண்டு முடியும்போது எங்கள் ஒன்பது கிளைகளும் வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் திறந்திருக்கும், வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இருக்கும். சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண் சிவந்திருந்தது. "இதை நான் கெடுக்காம மொழிபெயர்க்கணுமே" என்றாள். நடுவர்களுக்கு அவர்கள் பாஷையில்தான் அனுப்ப வேண்டும். பெரியவளுக்கு அந்த பாஷை தெரியாது. தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று நகரங்கள் மிஞ்சின. நேரில் பார்க்க நரைத்த முடியோடு உயரமான ஒரு நடுவர் அம்மாள் வந்தார். கமா அவருக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். அந்தப் பெயரின் காரணத்தைச் சின்னவள் விளக்கியதும் அவர் சிரித்து, அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். "மொதல்ல இது முடியட்டும்" என்றாள் கமா. ஆறு வாரம் கழித்துப் பட்டம் இந்த ஊருக்கு என்று செய்தி வந்தது. டிரைவர் வழிநெடுகப் பயணிகளிடமெல்லாம், அந்தப் படிவத்தில் தானும் ஒரு பாராவில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே போனாராம்.

பதினோராவது நாள் மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஒன்பது கிளைகளில் ஆறு, புதிதாகத் திறக்கப்படும் மைய வாசிப்பு மாளிகையோடு இணைக்கப்படுகின்றன. சந்தைக் கிளை மாதக் கடைசிக்குள் காலி செய்யப்பட வேண்டும். விலாசம் மாறி வந்துவிட்டது என்றே பெரியவள் நினைத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்பது போலத்தான் அதை எடுத்துக்கொண்டு சின்னவள் ஆபீசுக்குப் போனாள். சின்னவள் கடிதத்தை வாங்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அதிலேயே பெரியவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"நீ எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கவுன்சில்ல முடிவாயிடுச்சு. பெரிய கட்டடம் ஒண்ணு இல்லாம போனா இந்தப் போட்டியில யாரும் நம்மளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதுக்கு ஆளும் புஸ்தகமும் எங்கேருந்தாவது வரணும்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?"

பெரியவள் கடிதத்தை மடித்தாள். பிறகு பதினான்காம் கேள்விக்குப் போன பதிலைப் படித்துக் காட்டச் சொன்னாள். சின்னவள் ஃபைலை எடுத்து, வேற்று பாஷையிலிருந்து தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். இருபது பேர் உட்காரும் அறையில் நாற்பது பேர் நெருக்கியடிக்கும் சிறு கிளைகளின் அவல நிலைக்கு முடிவு கட்டி, அனைவருக்கும் நாற்காலியுள்ள ஒரே மையம் உருவாகும். தன் வீட்டுத் திரைச்சீலையை யாரோ வெட்டிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்பது போலிருந்தது பெரியவளுக்கு. துணி அவளுடையதுதான். கீழே கையெழுத்தும் அவளுடையதுதான். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சிவந்த கண் எதற்காகச் சிவந்தது? வெட்கத்தாலா, இல்லை, வாக்கியம் நிஜமாகவே பிடித்துப்போயா? எதுவானாலும் வலித்தது.

"மாளிகையில உனக்கு நல்ல போஸ்ட் கேட்டிருக்கேன்க்கா. தனி ரூம், ஏசி."

இதைச் சொன்னால் அக்கா சமாதானமாகிவிடுவாள் என்று இவள் நம்பியிருக்கிறாளே என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது. பெரியவள் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் வாசகர்களிடம் அவளே சொன்னாள். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதானே எழுதினீங்க" என்றார். குரலில் கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் எழுதியது வேறு, போனது வேறு என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் சாக்குப் போலத்தான் அவள் காதுக்கும் கேட்டது. கமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மாளிகைக்கு எத்தனை பஸ் மாறணும்?"

"ரெண்டு."

"வேலை விட்டுப் போறதுக்குள்ள மூடிடுவாங்க." பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடையாளச் சீட்டு பாதிக்கும் முன்னாலேயே செருகியிருந்தது.

"இன்னும் முடிக்கலையே. வெச்சுக்கங்க."

"இருக்கட்டும்" என்றாள் கமா. அன்று அவள் டீச்சர் என்று சொல்லாமல் போனாள்.

பூட்டி மூன்று மாதமாயிற்று. பெரியவள் மாளிகை வேலையை ஏற்கவில்லை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் போன் செய்வாள், இவள் எடுக்கமாட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை தவறிப்போய் எடுத்துவிட்டாள்.

"வெச்சிடாதேக்கா. திறப்பு விழாவுக்கு அந்த நடுவர் அம்மா வந்திருக்காங்க. அந்தச் சின்ன ரூமைத்தான் மறுபடி பாக்கணும்னு பிடிவாதமா நிக்கறாங்க. அதைப் பூட்டினது அவங்களுக்குத் தெரியாது. ஒரு நாள், ஒரு மணி நேரம். எல்லாம் நான் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ வந்து நின்னா போதும்."

பெரியவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலைவாரிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அலமாரிகளில் மாளிகையிலிருந்து வந்த புத்தம்புதுப் புத்தகங்கள், எந்த வரிசையும் இல்லாமல், உயரம் பார்த்து அடுக்கியிருந்தார்கள். நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நான்கு பேரைச் சின்னவளின் ஆபீசில் பார்த்த ஞாபகம் வந்தது. கமாவைக் கூட்டிவரக் கார் அனுப்பினார்களாம். துணி ஊறப்போட்டிருக்கிறேன், வர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

நடுவர் அம்மாள் உள்ளே நுழைந்ததும் நேராக வந்து பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். அதில் கமா என்ற பெயர் மட்டும் புரிந்தது.

"கமா எங்கேன்னு கேக்கறாங்க" என்றாள் சின்னவள். முகத்துச் சிரிப்பு மாறாமல், அதே குரலில், "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடட்டுமாக்கா?" என்றாள்.

பெரியவள் அவள் பக்கம் திரும்பவில்லை. பிடித்திருந்த கைகளை விடாமல் நடுவரின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"இந்த இடத்தைப் பூட்டி மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லு. கமா வர்றத நிறுத்திட்டாங்கன்னு சொல்லு. நான் சொன்னத அப்படியே சொல்லு."

நடுவர் அம்மாள் தலையாட்டிவிட்டு, காதைக் கொஞ்சம் சாய்த்துச் சின்னவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். சின்னவளின் முகத்துச் சிரிப்பு கலைந்தது. பின்வரிசையில் ஒருவன் தன் புத்தகத்தின்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கப் பார்த்தான். அது மொறமொறவென்றது. சட்டென்று கையை நிறுத்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மெதுவாக நகத்தால் அதன் ஓரத்தைத் தேட ஆரம்பித்தான்.